பெட்டியில் மிஞ்சிய 43 பிளாக்குகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை, ஏறத்தாழ 12 ஆண்டுகளாக என் தையல் அலமாரியின் அடித்தட்டில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் சேர்ந்துவந்த 43 குவில்ட் பிளாக்குகள். துண்டுத் துணிகளை வடிவத்துக்கேற்ப வெட்டி, இணைத்து, சதுரமாகத் தைத்து முடித்தவை அவை. ஆனால் எந்தக் குவில்ட்டிலும், அதாவது மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடித்துணி ஆகிய மூன்றையும் அடுக்கித் தைக்கும் எந்தப் போர்வையிலும், இடம்பெறாதவை. வெறும் துண்டுத் துணி மிஞ்சினால் அதை எதற்கு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். பிளாக்கின் நிலை வேறு. அதற்குள் சில மணி நேர உழைப்பும், ஓர் அளவும், யாரோ ஒருவருக்கு என்ற எண்ணமும் ஏற்கெனவே தைக்கப்பட்டுவிட்டன. ஆகவே தூக்கி எறிய மனம் வராது. வேறொன்றோடு சேர்க்க முயன்றால் அளவோ நிறமோ இடறும்.

பெட்டியைக் காலிசெய்ய இதற்கு முன் இருமுறை முயன்றிருக்கிறேன். முதல் முறை எல்லாவற்றையும் தரையில் பரப்பி அளவுவாரியாகப் பிரித்தேன். ஒரே அளவில் வந்தவை ஒன்றோடொன்று சண்டையிட்டன: பூப்போட்ட மென்னிறப் பிளாக்கின் பக்கத்தில் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு நட்சத்திரம். இரண்டாம் முறை நிறவாரியாகப் பிரித்தேன். அப்போது அளவுகள் ஒத்துவரவில்லை. இரு முறையும் பிளாக்குகள் பெட்டிக்கே திரும்பின. மூன்றாம் முறை, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது ஏன் மிஞ்சியது என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, விடையை ஒரு சீட்டில் எழுதிப் பிளாக்கில் குண்டூசியால் குத்திவைத்தேன். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது. மிஞ்சிய பிளாக்கை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அதன் அளவோ நிறமோ தீர்மானிப்பதில்லை, அது மிஞ்சிய காரணமே தீர்மானிக்கிறது என்பது இந்த ஆய்வில் நான் கண்டது. பின்வரும் விவரங்கள் எல்லாம் அதற்கான சான்றுகள், ஓரிரு இடங்களில் எதிர்ச்சான்றுகளும்கூட.

பிளாக் மிஞ்சுவது என்பதே பிளாக் முறையோடு வந்த சிக்கல். ஒரே பெரிய துணியிலோ, நடுவில் ஒரு பெரிய உருவை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிக் கரைகள் சேர்த்தோ குவில்ட் தைத்த காலத்தில் தனிச் சதுரம் மிஞ்ச வழியே இல்லை. அமெரிக்காவில் 1840களை ஒட்டி, சிறு சதுரங்களைத் தனித்தனியே மடியில் வைத்துத் தைத்துக் கடைசியில் இணைக்கும் வழக்கம் பரவலானது. தைக்க இது வசதியான வழி. ஆனால் எண்ணிக்கையில் கூடுதல் குறைவு வருவதற்கும் அதுவே வாசல் திறந்தது. பின்னாளில் செய்தித்தாள்களும் பிளாக் மாதிரிகளை அச்சிடத் தொடங்கின. ‘கான்சாஸ் சிட்டி ஸ்டார்’ 1928 முதல் 1961 வரை அவற்றை வெளியிட்டது. மாதிரி பிடித்திருந்தால் ஒன்றே ஒன்றைத் தைத்துப் பார்த்து, நினைவுக்காக எடுத்துவைப்பது அன்றைய வழக்கம். அந்த ஒற்றைப் பிளாக்குகளுக்குக் குவில்ட் ஆகும் நோக்கமே தொடக்கத்தில் இல்லை. என் பெட்டியிலும் அப்படிச் சில இருந்தன என்பது சீட்டு எழுதியபோதுதான் தெரிந்தது.

கணக்கெடுப்பு

அளப்பதற்கு முன் எல்லாவற்றையும் இஸ்திரி போட்டேன். நெடுநாள் மடிந்து கிடந்த பிளாக்கை அப்படியே அளந்தால் கால் அங்குலம் வரை ஏமாற்றும். தையல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் துணி, சூடு பட்ட பிறகே வெளியே வரும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், அழுத்தி எடுத்து அழுத்தி எடுத்துப் போடவேண்டும்; இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு பிளாக்கையும் இரு திசைகளிலும் மும்மூன்று இடங்களில், அதாவது இரு ஓரங்களிலும் நடுவிலும், அளந்தேன். ஓரம் 12½ அங்குலமும் நடு 12¼ அங்குலமும் வந்தால் அந்தப் பிளாக்கின் விளிம்பு அலையடிக்கிறது என்று பொருள். அதை அப்படியே தைத்தால் குவில்ட் முழுவதும் அந்த அலை பரவும்.

அளவைக் குறிக்கும்போது குழப்பம் வராமல் இருக்க ஒரு விளக்கம். பிளாக்கின் நான்கு பக்கமும் தையலுக்காகக் கால் அங்குலம் விடுவது குவில்ட் தையலின் பொது விதி. ஆகவே தைத்து முடிந்தபின் 12 அங்குலமாக நிற்க வேண்டிய பிளாக், தனியாகக் கிடக்கும்போது 12½ அங்குலம் இருக்கும். கீழே ‘வெட்டளவு’ என்று வருவது தனிப் பிளாக்கின் அளவு; ‘முடிந்த அளவு’ என்று வருவது இணைத்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவு.

சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்கள் உள்ள எல்லாப் பிளாக்குகளையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன். இரண்டில் வெள்ளைத் துணி இளஞ்சிவப்பானது.

சீட்டுகளை அடுக்கியபோது காரணங்கள் ஐந்தாகப் பிரிந்தன. அளவு பிசகியதால் ஒதுக்கியவை 14. முன்னெச்சரிக்கையாகவோ சோதனைக்காகவோ கூடுதலாகத் தைத்தவை 11. தைத்து முடித்ததும் பிடிக்காமல் போனவை 9. பாதியில் கைவிட்ட ஒரே திட்டத்தைச் சேர்ந்தவை 6. சாயம் விடுதல் முதலிய குறையுள்ளவை 3.

அளவு பிசகிய பதினான்கு

மூன்றில் ஒரு பங்கு இந்த வகை என்பது எனக்கே அதிர்ச்சி. இவற்றில் பெரும்பாலானவை, தையல் நண்பர்கள் குழுவில் ஆளுக்கொரு பிளாக் தைத்துப் பரிமாறிக்கொண்டபோது வந்தவை. எல்லோருக்கும் சொன்ன அளவு ஒன்றே, வந்த அளவுகள் வேறுவேறு. இதில் எவர் கையையும் குறை சொல்ல முடியாது, கணக்கு அப்படி. தையலுக்கு விடும் கால் அங்குலத்தில் ஒருவர் 1/16 அங்குலம் கூடுதலாக எடுத்தால், தையலின் இருபுறமும் சேர்த்து 1/8 அங்குலம் குறைகிறது. ஒரு வரிசையில் நான்கு துண்டுகள் இருந்தால் மூன்று தையல். குறைவது 3/8 அங்குலம். லாக் கேபின் என்னும் வடிவத்தில் நடுச் சதுரத்தைச் சுற்றி நான்கு சுற்றுப் பட்டிகள் வைத்தால், குறுக்கே ஒன்பது துண்டுகளும் எட்டுத் தையல்களும். ஓர் அங்குலமே காணாமல் போகும். நூலின் தடிமனும், மடிப்பை இஸ்திரி போடும் விதமும் இதில் சேர்ந்துகொள்ளும்.

கால் அங்குலத்துக்கு உட்பட்ட வேறுபாட்டைத் தையலிலேயே சமாளிக்கலாம். இரண்டில் நீளமாக இருப்பதை அடியில் வைத்து, ஓரங்களையும் நடுவையும் குண்டூசியால் பிடித்துத் தைத்தால், இயந்திரத்தின் பற்கள் அடித்துணியைச் சற்று வேகமாக உள்ளே இழுத்து அந்தக் கூடுதலை விழுங்கிவிடும். என்னிடம் இருந்தவை அந்த எல்லையைத் தாண்டியவை. வெட்டளவில் 11¾ முதல் 12¼ அங்குலம் வரை ஐந்து, 8½ முதல் 9¼ வரை ஆறு, 6½ அங்குலத்தில் மூன்று.

எல்லாவற்றையும் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடலாம் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். கூர்முனைகள் உள்ள பிளாக்குகளுக்கு அது சேதம். நட்சத்திரத்தின் முனை, விளிம்பிலிருந்து சரியாகக் கால் அங்குலம் உள்ளே நிற்க வேண்டும். அந்தக் கால் அங்குலத்தை வெட்டிவிட்டால் அடுத்த தையல் முனையையே தின்றுவிடும். ஆகவே குறைப்பதைவிடக் கூட்டுவதே வழி. ஒவ்வொரு பிளாக்கைச் சுற்றியும் வேண்டியதைவிட அகலமான வெற்றுத் துணிப் பட்டி வைத்துத் தைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டுவது பலரும் செய்வது. 8½ அங்குலப் பிளாக் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, 7½ அங்குலச் சதுரங்கள் இரண்டை மூலைவிட்டமாக வெட்டிக் கிடைத்த நான்கு முக்கோணங்களை நான்கு பக்கமும் வைத்து, 12½ அங்குலத்துக்கு வெட்டியும் பார்த்தேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் பதினான்கையும் இப்படி ஒரே சட்டத்துக்குள் அடைத்தால், பரிமாறிக்கொண்ட கைகளின் வேறுபாடு முழுவதும் மறைந்து, சுவரில் மாட்டிய புகைப்படங்களின் வரிசை போல ஆகிவிடும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

நான் கடைசியாகத் தேர்ந்தது நெடுவரிசை முறை. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டினால் ஒவ்வொரு பிளாக்கும் அகலம், உயரம் இரண்டிலும் பொருந்தியாக வேண்டும். நெடுவரிசையாக அடுக்கினால் அகலம் மட்டும் பொருந்தினால் போதும். உயரம் எதுவாகவும் இருக்கலாம், வரிசையின் மொத்த நீளம் ஒத்துவந்தால் சரி. பதினான்கு தனித்தனிச் சிக்கல்கள் இதனால் மூன்று கூட்டல் கணக்குகளாகச் சுருங்கின. முடிந்த அளவில் 68 அங்குல நீளம் என்று முடிவுசெய்தேன்.

முதல் வரிசைக்கு 15 அங்குல அகலம். பெரிய பிளாக்குகள் ஐந்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டும் பட்டி வைத்து அகலத்தைச் சமன்செய்தேன். இருபுறமும் ஒரே அளவில் வைக்க வேண்டும் என்றில்லை, சிலவற்றைச் சற்று ஒருபக்கமாக ஒதுக்கியே வைத்தேன். அவற்றின் முடிந்த உயரம் மொத்தம் 57½ அங்குலம் வந்தது. நான்கு இடைப்பட்டிகள் 2½ அங்குலம் வீதம் 10. மீதி அரை அங்குலத்துக்காகக் கடைசி இடைப்பட்டியை 3 அங்குலமாக்கினேன். இரண்டாம் வரிசைக்கு 12 அங்குல அகலம். ஆறு பிளாக்குகளின் உயரம் 50½, ஐந்து இடைப்பட்டிகள் 12½, ஆக 63; குறைந்த 5 அங்குலத்தை அடியில் ஒரு வெற்றுப் பட்டி நிரப்பியது. மூன்றாம் வரிசைக்கு 9 அங்குல அகலம். அதில் மூன்றே சிறு பிளாக்குகள், 18 அங்குலம். மீதி 50 அங்குலமும் வெற்றுத் துணி. அந்த 50ஐச் சமமாகப் பங்கிடாமல் 9, 24, 12, 5 என்று பிரித்தேன். இரு பிளாக்குகளுக்கு நடுவே 24 அங்குலம் வெறுமையாக விடுவதற்குத் தயக்கம் இருந்தது. தைத்து முடித்து விரித்தபோது கண் முதலில் போய் நின்ற இடமே அந்த வெறுமைதான். அங்கிருந்துதான் பக்கத்து வரிசையின் கூட்டமான பிளாக்குகளைப் பார்க்கத் தோன்றியது.

வரிசைகளுக்கு நடுவே 3 அங்குலப் பட்டிகள் இரண்டு, சுற்றிலும் 5 அங்குலக் கரை. மேல்துணி 52 அங்குல அகலமும் 78 அங்குல நீளமுமாக நின்றது. எல்லாப் பட்டிகளுக்கும் ஒரே சாம்பல் நிறத் துணியைப் பயன்படுத்தியது இந்தத் திட்டத்தில் நான் எடுத்த மிக முக்கியமான முடிவு. ஒருவரோடொருவர் பேசாத பதினான்கு பிளாக்குகளை ஓரிடத்தில் உட்காரவைக்க, நடுவில் பேசாமல் இருக்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

ஒழுங்கான கட்டத்தைக் கைவிடுவதற்குத் துணிவு வராதவர்கள் அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைத்த குவில்ட்டுகளைப் பார்க்கலாம். தேய்ந்த வேலையுடுப்புகளின் துணியில், நேர்கோட்டுக்கும் சம அளவுக்கும் கட்டுப்படாமல் தைத்தவை. 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன, 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. கோணல் அங்கே குறையாகத் தெரிவதில்லை, ஏனெனில் தைத்தவர் அதற்கு இடம் விட்டே தைத்திருக்கிறார்.

பிடிக்காமல் போன ஒன்பது

இவை ஒன்பதும் ஒரே வகை: 5 அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக இணைத்த பிளாக்குகள், வெட்டளவு 14 அங்குலம். ஆரஞ்சும் காவியும் பழுப்புமாக ஒரு காலத்தில் விரும்பி வாங்கிய துணி. அளவு துல்லியம், தையல் சுத்தம், குறை ஒன்றும் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிடிக்காத பிளாக்கை அழகான பிளாக்குகளுக்கு நடுவே ஒளித்துவைப்பது பயன் தராது; கண் நேரே அதைத்தான் தேடிப் போகும். அதைச் சிதைப்பதே வழி. ஒவ்வொன்றையும் நடுவே நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டினேன். ஒரு பிளாக்குக்கு நான்கு வீதம் 7 அங்குலத் துண்டுகள் 36 கிடைத்தன. ஒவ்வொரு துண்டிலும் மூலையில் ஒரு முழுச் சதுரமும், இரு பக்கங்களில் அரைச் சதுரங்களும், எதிர்மூலையில் நடுச் சதுரத்தின் கால் பங்கும் இருக்கும். வழக்கமாக இந்த நான்கையும் திருப்பித் திருப்பி மீண்டும் இணைப்பார்கள். அப்படி இணைத்தால் 13½ அங்குலத்தில் புதிய வடிவம் ஒன்று பிறக்கும். ஆனால் அங்கே வடிவம்தான் மாறும், நிறம் மாறாது. என் மனத்தாங்கல் நிறத்தோடு என்பதால், அதே அளவில் வெட்டிய கருநீல வெற்றுச் சதுரங்களோடு ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினேன். குறுக்கே 7, நெடுக்கே 10, மொத்தம் 70. அதில் 35 பழையவை, 35 கருநீலம். முடிந்த அளவு 45½ அங்குலத்துக்கு 65 அங்குலம். ஆரஞ்சு பாதியாகக் குறைந்ததோடு, கருநீலத்தின் அருகில் அது தணல் போல ஒளிர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த துணியா இது என்று எனக்கே ஐயம்.

கணக்குப்படி ஒரு துண்டு மிஞ்சியது. மிஞ்சியவற்றிலிருந்து மிஞ்சிய அதை மடித்துத் தைத்து, பஞ்சு அடைத்துக் குண்டூசி குத்தும் மெத்தையாக்கினேன்.

வெட்டுவதற்குமுன் ஓர் எச்சரிக்கை: முடித்த தையலைக் குறுக்கே வெட்டினால் வெட்டிய இடத்தில் தையல் முடிச்சின்றி நிற்கும். கையாளக் கையாள அது பிரியத் தொடங்கும். ஆகவே வெட்டிய அன்றே இணைத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் தட்டையாக அடுக்கி மேலே ஒரு கனமான புத்தகத்தை வைக்கலாம்.

பாதியில் நின்ற ஆறு

லாக் கேபின் பிளாக்குகள், முடிந்த அளவு 12 அங்குலம். 30 தைக்கத் திட்டமிட்டு ஆறோடு நின்றதற்கு, இருண்ட பக்கத்துக்கான துணி தீர்ந்து மீண்டும் கிடைக்காததே காரணம் என்று சீட்டில் எழுதினேன். சலிப்பும் ஒரு காரணம். அதைச் சீட்டில் எழுதவில்லை.

அப்படியே மூன்று வரிசையாக இணைத்தால் 24 அங்குலத்துக்கு 36 அங்குலம். குழந்தைக்குப் போர்த்தவும் சிறிது. ஆனால் சதுரங்களைச் சாய்த்து முனையில் நிறுத்தினால் கணக்கு மாறுகிறது. 12 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 17 அங்குலம். குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என்று நிறுத்தினால் 34 அங்குலத்துக்கு 51 அங்குலம் வருகிறது. அதே ஆறு பிளாக்குகள், பரப்பு சரியாக இரு மடங்கு. நடுவில் விழும் இரண்டு இடைவெளிகளுக்கு வெற்றுச் சதுரங்கள், ஓரங்களுக்கு ஆறு பெரிய முக்கோணங்கள், மூலைகளுக்கு நான்கு சிறிய முக்கோணங்கள் தேவைப்படும். பெரிய முக்கோணங்களுக்கு 18¼ அங்குலச் சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்காக்க வேண்டும். மூலை முக்கோணங்களுக்கு 9⅜ அங்குலச் சதுரத்தை ஒரே மூலைவிட்டத்தில் இரண்டாக்க வேண்டும். இரண்டையும் மாற்றி வெட்டிவிட்டால் துணியின் கிராஸ் வாட்டம் (நூலோட்டத்துக்குச் சாய்வான திசை) குவில்ட்டின் வெளி விளிம்பில் வந்து விழும். கிராஸில் துணி ரப்பர் போல நீளும், விளிம்பு தொங்கும். நான் பெரிய சதுரங்களை 19 அங்குலமாகவே வெட்டினேன். கூடுதலைக் கடைசியில் சீவிக்கொள்ளலாம், குறைந்ததை ஒன்றும் செய்ய முடியாது.

லாக் கேபினில் பாதி இருண்டும் பாதி வெளிறியும் இருக்கும், பிரிக்கும் கோடு மூலைவிட்டமாக ஓடும். சாய்த்து நிறுத்தியபோது அந்தக் கோடு செங்குத்தாகி, ஒவ்வொரு பிளாக்கும் ஒரு பக்கம் வெயில் விழும் கூரை போலத் தோன்றியது. 30 தைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

கூடுதலாகத் தைத்த பதினொன்று

இவை நான் தைத்து முடித்த குவில்ட்டுகளின் உடன்பிறப்புகள். புதிய குவில்ட்டுக்குள் இவற்றைத் திணிப்பதைவிட, முடிந்த குவில்ட்டின் அருகிலேயே வைப்பது பொருத்தம் என்று முடிவுசெய்தேன்.

மூன்றை அந்தந்தக் குவில்ட்டின் பின்புறத்தில் பெயர்ச்சீட்டாகத் தைத்தேன். விளிம்பை உள்ளே மடித்து, அடித்துணியை மட்டும் பிடித்துக் கையால் தைத்து, பிளாக்கின் வெளிறிய பகுதியில் தைத்த ஆண்டை நூலால் எழுதினேன். நான்கு, மேலே சொன்ன 52க்கு 78 குவில்ட்டின் பின்புறத்துக்குப் போயின. அடித்துணி மேல்துணியைவிட நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் 60 அங்குல அகலம் தேவைப்பட்டது. என் துணியோ 42 அங்குலம். நான்கு பிளாக்குகளை வெற்றுத் துணியோடு சேர்த்து 19 அங்குல அகலத்தில் ஒரு நெடும்பட்டியாக்கி இணைத்ததும் குறை தீர்ந்தது. மேலும் ஒரு துணி வாங்கும் செலவு மிச்சம் என்பதைவிட, குவில்ட்டைத் திருப்பிப் போட்டாலும் பார்க்க ஏதோ இருக்கிறது என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பின்புறப் பட்டியை நட்டநடுவில் வைத்தால், மேலே நடுவரிசையோடு அது நேர்ப்படாவிட்டால் பிழை அப்பட்டமாகத் தெரியும். ஒருபக்கமாக ஒதுக்கி வைத்தால் எவரும் அளந்து பார்க்கப்போவதில்லை.

இரண்டு, 2 அங்குலக் கரை வைத்து 16 அங்குலத் தலையணை உறைகள் ஆயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மீதி இரண்டைச் சூடான பாத்திரம் வைக்கும் தடுக்குகளாக்கினேன். ஒன்று முழுத் தோல்வி. கைக்கு எட்டிய பாலியெஸ்டர் பஞ்சுத் தகட்டை நடுவில் வைத்துத் தைத்தது என் தவறு. சூடு பட்ட இடத்தில் அது இளகிச் சுருங்கி, பாத்திரத்தின் அடிவட்டம் அச்சாக இறுகிவிட்டது. மற்றொன்றில் பருத்தித் தகடு இரண்டு அடுக்கு வைத்து, பருத்தி நூலாலேயே தைத்தேன். அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பிளாக்கின் துணி பருத்தியா என்பதையும் இதற்கு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய பிளாக்குகளில் கலப்பு நூல் துணிகள் கலந்திருப்பது சாதாரணம்; மைக்ரோவேவ் அடுப்புக்குள் போகும் கிண்ண உறையாகத் தைப்பதானால், உலோகப் பூச்சுள்ள வெப்பத்தகடோ சரிகையோ இருக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

குறையுள்ள மூன்று

சாயம் விட்ட இரண்டையும் எந்தக் குவில்ட்டிலும் சேர்க்கவில்லை. ஒரு பிளாக்கின் சிவப்பு, முதல் சலவையில் எஞ்சிய எல்லாவற்றையும் கெடுத்துவிடும்; அந்த அபாயத்துக்கு ஈடான அழகு எந்தப் பிளாக்கிலும் இல்லை. மூன்றாவது, கிராஸ் விளிம்புகள் நீண்டு நடு குமிழாக எழும்பியது. கஞ்சி தெளித்து ஆவியில் அழுத்தியும் அடங்கவில்லை. மூன்றையும் பயிற்சித் துணியாக்கினேன். இயந்திரத்தின் பற்களை இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே நகர்த்திச் சுருள் சுருளாகத் தைக்கும் முறையைப் பழக, வெற்றுத் துணியைவிடத் தையல் மேடுகள் உள்ள பிளாக்கே நல்லது. உண்மையான குவில்ட்டில் ஊசி இடறும் இடங்கள் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

ஓராண்டுக்குப் பின்

நெடுவரிசைக் குவில்ட் பலமுறை சலவை கண்டுவிட்டது. 78 அங்குலம் 75½ ஆகச் சுருங்கியிருக்கிறது, ஏறத்தாழ 3 விழுக்காடு. பருத்தித் தகடு வைத்த குவில்ட்டில் இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, ஐந்து பிளாக்குகளைச் சுற்றி மட்டும் சுருக்கம் கூடுதலாக விழுந்தது. பரிமாற்றத்தில் வந்த பிளாக்குகளில் சிலவற்றின் துணி முன்பே நனைத்தது, சிலவற்றின் துணி புதிது. தனிப் பிளாக்கை நனைத்தால் விளிம்பு பிரியும் என்று அஞ்சி விட்டுவிட்டேன். வலைப்பைக்குள் வைத்துக் கையால் அலசி, தட்டையாக உலர்த்தியிருக்கலாம்.

பின்புறத்தில் பெயர்ச்சீட்டாகத் தைத்த பிளாக்குகளில் ஒன்றுக்கு எட்டு மாதத்திலேயே வேலை வந்தது. குவில்ட்டின் ஓரத்தில் ஒரு கிழிசல். ஒட்டுப்போட அதே துணி வேண்டும். பெயர்ச்சீட்டின் ஒரு மூலையைப் பிரித்து எடுத்து ஒட்டுப்போட்டேன். துணி ஒன்றேதான், நிறம் ஒன்றல்ல: குவில்ட் ஐந்து ஆண்டு வெயிலும் சலவையும் கண்டது, பிளாக்கோ பெட்டியின் இருட்டிலேயே இருந்தது. ஒட்டு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கூடுதல் பிளாக்கைக் குவில்ட் முடிந்த அன்றே பின்புறத்தில் தைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வெளுத்திருக்கும். அதன் பிறகு தைத்த இரண்டு குவில்ட்டுகளில் அப்படியே செய்திருக்கிறேன்.

பெட்டியில் இப்போது நான்கு பிளாக்குகள் இருக்கின்றன. ஒன்றில் ‘அளவு, 3/8 குறைவு’ என்றும், ஒன்றில் ‘சோதனைக்காகத் தைத்தது’ என்றும், ஒன்றில் ‘பச்சை ஒத்துவரவில்லை’ என்றும் சீட்டு குத்தியிருக்கிறது. நான்காவதன் சீட்டில் தேதி மட்டும் இருக்கிறது, காரணம் எழுதவில்லை. ஏழு மாதங்களாக அதை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன்.